பட்டமளிப்புப் படம்: மேடையிலா, ஸ்டுடியோவிலா, வெளியிலா?

விழா தேதி வந்த உடனே எல்லோரும் செய்வது இன்ஸ்டாகிராமில் போட்டோகிராபரைத் தேடுவது. நான் சொல்வேன், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கல்லூரி அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கவுன் எப்போது கையில் கிடைக்கும், எப்போது திருப்பித் தர வேண்டும்? சென்னையில் பல கல்லூரிகளில் காலையில் டெபாசிட் வாங்கிக்கொண்டு கவுனைக் கொடுத்து, விழா முடிந்த சூட்டோடு கவுன்டரில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அந்த இடைப்பட்ட நேரத்தில் பாதி அரங்கத்துக்குள் உட்கார்ந்தே போய்விடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மாலை ஐந்து மணிக்கு மெரினாவில் ஷூட் என்று அட்வான்ஸ் கட்டிவிட்டு, நாலு மணிக்குக் கவுன் கவுன்டர் வரிசையில் நின்றபடி போட்டோகிராபருக்கு போன் போட்டுக்கொண்டிருப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம்.

இன்னொரு சிக்கல், இந்த விழா படிப்பு முடிந்த கையோடு நடப்பதும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளை எடுத்துக்கொண்டால், பல்கலைக்கழக மேடையில் நேரில் பட்டம் வாங்குவது பெரும்பாலும் ரேங்க் எடுத்தவர்களும் முனைவர் பட்டக்காரர்களும்தான். மற்றவர்களுக்கு அவரவர் கல்லூரி தனியாக ஒரு கிராஜுவேஷன் டே வைக்கும். அதற்குள் பாதிப் பேர் பெங்களூரில் வேலையில் இருப்பார்கள், ஒரு நாள் லீவு போட்டு இரவு பஸ்ஸில் வந்து இரவு பஸ்ஸில் போவார்கள். ஆக, எந்த வழி நல்லது என்று கேட்டால், கவுன் எப்போது இருக்கிறது, நீங்கள் எப்போது ஊரில் இருக்கிறீர்கள் என்ற இரண்டையும் வைத்துத்தான் பதில்.

கவுனுக்கு ஒரு மாற்று வழி உண்டு. பள்ளி ஆண்டு விழாவுக்கு உடை வாடகைக்கு விடும் கடைகளில் பலவற்றில் பட்டமளிப்புக் கவுனும் கிடைக்கும், ஒரு நாள் வாடகை பெரிய தொகை இல்லை. ஆனால் தோளில் போடும் அந்த ஹூட்டின் நிறம் படிப்புக்குப் படிப்பு, பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுப்பார். சீனியர் யாராவது போன வருடம் எடுத்த படத்தை போனில் வைத்துக்கொண்டு போய் அதையே காட்டிக் கேளுங்கள். இல்லாவிட்டால் பி.காம். படித்துவிட்டு வேறு ஏதோ ஒரு துறையின் நிறத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள், பெரியப்பா பையன் யாராவது அதைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொல்வான். கைத்தறித் துணியில் விழா உடை வைத்துக்கொள்ளலாம் என்று 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. கவுனை விட்டுவிட்டு அங்கவஸ்திரத்துக்கு மாறிய நிறுவனங்களும் இருக்கின்றன. உங்கள் கல்லூரி அப்படி என்றால் இந்தத் தலைவலியில் பாதி உங்களுக்கு இல்லை.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம். மேடை, ஸ்டுடியோ, வெளியிடம், நண்பனின் போன் என்று நான்கு.

மேடைப் படத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. கல்லூரியே ஏற்பாடு செய்த போட்டோகிராபர் ஒரே இடத்தில் நின்று ஆளுக்கு ஒரு கிளிக் எடுப்பார். நீங்கள் படிவத்தில் பதிவெண் எழுதிப் பணம் கட்டினால் சில வாரங்கள் கழித்துப் படம் வரும். அதில் உங்கள் முகம் பக்கவாட்டில் இருக்கும், சிறப்பு விருந்தினர் ஏற்கெனவே அடுத்தவரைப் பார்க்கத் தொடங்கியிருப்பார், கண் மூடியிருந்தால் மூடியதுதான். ஆனாலும் வாங்கிவிடுங்கள். துணைவேந்தர் கையிலிருந்தோ ஆளுநர் கையிலிருந்தோ வாங்கியதற்கு வேறு சாட்சி கிடையாது, அதை எந்த ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபரும் பிறகு எடுத்துத் தர முடியாது. இதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஸ்டுடியோ என்றதும் இப்போது படிக்கும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வருகிறது. பின்னால் புத்தக அலமாரி வரைந்த திரை, ஓரத்தில் பிளாஸ்டிக் பூச்சாடி, கண்ணாடிக்குப் பக்கத்தில் பவுடர் டப்பாவும் யாரோ சீவிய சீப்பும். எனக்கு என்னவோ இந்த நான்கு வழிகளில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவது ஸ்டுடியோதான் என்று தோன்றுகிறது. வீட்டு ஹாலில் மாட்டப்போகும் படம் ஒன்றே ஒன்று போதும், பாட்டியையும் கூட உட்கார வைத்து எடுக்க வேண்டும், வெயிலில் பத்து நிமிடம் அவரால் நிற்க முடியாது என்றால் ஸ்டுடியோவை விடச் சுலபமான வழி கிடையாது. ஏசி இருக்கும், நாற்காலி இருக்கும், வெளிச்சம் அவர்கள் கையில் இருக்கும், மழை வந்தாலும் கவலை இல்லை, அரை மணி நேரத்தில் வேலை முடியும். திரை பிடிக்கவில்லையா, சாம்பல் நிறத்தில் வெறும் திரை இருக்கிறதா என்று கேளுங்கள். பாஸ்போர்ட் படத்துக்காகவாவது வெற்றுத் திரை ஒன்று வைத்திருப்பார்கள். கறுப்புக் கவுனுக்குச் சாம்பல் திரையைப் போல எடுப்பாக எதுவும் அமையாது.

ஸ்டுடியோவில் இரண்டு விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்தே ஆக வேண்டும். ஒன்று, கவுனே இல்லாமல் போனால் உங்கள் தலையை மட்டும் எடுத்து ஏற்கெனவே வைத்திருக்கும் கவுன் உடம்பில் ஒட்டித் தருவார்கள். எல்லா ஸ்டுடியோவிலும் இல்லை, ஆனால் சிறிய ஊர்களில் இன்றும் நடக்கிறது. தோள் ஒருவருடையதாகவும் கழுத்து இன்னொருவருடையதாகவும் இருக்கும் அந்தப் படங்களைச் சொந்தக்காரர் வீடுகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். இரண்டாவது, நிறம். கேட்காமலே முகத்தை வெளுத்துவிடுவார்கள். அவர்கள் அதை மரியாதையாக நினைத்துச் செய்கிறார்கள் என்பதுதான் கொடுமை. முகம் பால் நிறத்தில் இருக்கும், அதற்குக் கீழே சுருட்டிய பட்டத்தைப் பிடித்திருக்கும் கை மட்டும் உங்கள் சொந்த நிறத்தில் இருக்கும். விரல்களை அவர்கள் தொட மாட்டார்கள், நேரம் ஆகும் என்பதால். கேமராவுக்கு முன் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: பரு இருந்தால் எடுங்கள், நிறத்தைத் தொடாதீர்கள். பிரின்ட் போட்ட பிறகு சொன்னால் 'இதுதானே நல்லா இருக்கு' என்பார்கள், உங்கள் அம்மாவும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொள்வார்.

வெளியில் எடுப்பதுதான் இப்போது எல்லோரும் விரும்புவது. இதில் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அந்தத் தொப்பியில். சதுரப் பலகை வைத்த தொப்பி என்றால் மதியம் பன்னிரண்டு மணிக்கு நிழல் நெற்றியில் தொடங்கி மூக்கு நுனி வரை விழும், கண் இரண்டும் குழிக்குள் போய்விடும், தாடை மட்டும் வெயிலில் பளபளக்கும். அனுபவமுள்ளவர் என்றால் உதவியாள் ஒருவரை வெள்ளைத் தெர்மாகோல் அட்டையோடு இடுப்பு உயரத்தில் நிற்க வைத்து, கீழிருந்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்புவார். அந்த அட்டையைக் கொஞ்சம் சாய்க்கும்போது கண்ணுக்குள் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வரும் பாருங்கள், அது வந்த பிறகுதான் படத்தில் உயிர் வரும். உதவியாள் இல்லாமல் ஒரே ஆளாக வருகிறவரிடம் மதிய நேர ஷூட் வைத்துக்கொள்ளாதீர்கள். காலை ஆறே கால் முதல் எட்டு வரை, அல்லது மாலை நாலரைக்கு மேல். சென்னையில் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை என்றால் மாலையை விடக் காலைதான் சரி, ஏனென்றால் பாலியெஸ்டர் கவுனுக்குள் உள்சட்டை நனைந்து, அது கழுத்துப் பக்கம் எட்டிப் பார்த்தால் எந்த எடிட்டும் காப்பாற்றாது.

இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மெரினா எல்லோருக்கும் முதலில் தோன்றும். அங்கே கடல் கிழக்கே இருப்பதால் காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், முகம் இருட்டும். தொப்பியைத் தூக்கிப் போடும் நிழலுருவப் படம் வேண்டுமென்றால் அருமையான நேரம், முகம் தெரியும் படம் வேண்டுமென்றால் வேண்டாம். மாலையில் வெளிச்சம் ஊர்ப் பக்கமிருந்து முகத்தில் மென்மையாக விழும், கடல் நீலமாகக் கிடைக்கும், ஆனால் கூட்டம். ஞாயிறு மாலை மெரினாவில் உங்கள் படத்தில் பலூன் சுடுபவரும் சுண்டல் தூக்கும் பையனும் இல்லாமல் எடுப்பது நடக்காத காரியம். காற்றையும் கணக்கில் எடுங்கள், தொப்பிக்குள் இரண்டு ஹேர்பின் குத்தியாக வேண்டும்.

அதே காலை நேரத்தில் மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலையின் மறுபக்கம் திரும்பினால் கதையே வேறு. மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம் என்று கடலைப் பார்த்து நிற்கும் கட்டடங்கள் மேல் காலை வெயில் நேராக விழும். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிஷோல்ம் வடிவமைத்து 1879-இல் கட்டி முடித்த பல்கலைக்கழக செனட் ஹவுஸ் அந்த வெயிலில் இருக்கும் அழகுக்கு எந்தப் பூங்காவும் கிட்ட வராது. வளாகத்துக்குள் நுழைந்து பெரிய கேமராவோடு எடுக்க அனுமதி கேட்க வேண்டும், அங்கே படித்தவர் என்றால் கேட்பதற்கு ஒரு உரிமையாவது இருக்கிறது.

மாமல்லபுரம் போகலாமா என்று கேட்பார்கள். சென்னையிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சுமார். கடற்கரைக் கோயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும், டிக்கெட் உண்டு, தொல்லியல் துறை இடம் என்பதால் டிரைபாட், லைட் ஸ்டாண்டு எல்லாம் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும். அங்கே எடுத்த கவுன் படங்கள் எனக்குப் பிடித்ததே இல்லை. ஆயிரத்து முந்நூறு வருடத்துக் கல் முன்னால் வாடகைக் கவுன் ஏதோ மாறுவேடப் போட்டிக்கு வந்த மாதிரி இருக்கும். பட்டுச் சேலையிலோ வேட்டியிலோ எடுப்பதென்றால் அது வேறு, தாராளமாகப் போகலாம். கோயில் பிராகாரம் என்று யோசித்தால், 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை போடச் சொல்லிவிட்டது, கேமராவைப் பற்றிப் பேசவே வேண்டாம். அரசுப் பூங்காக்களில் பெரும்பாலும் கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், கல்யாண ஷூட்காரர்கள் நல்ல மூலைகளை முன்னாலேயே பிடித்திருப்பார்கள்.

என் ஓட்டு உங்கள் சொந்தக் கல்லூரிக்குத்தான். மூன்று நான்கு வருடம் உட்கார்ந்த படிக்கட்டு, கேன்டீன் வாசல், அரியர் எழுதிய ஹால். பத்து வருடம் கழித்துப் பார்க்கும்போது பின்னணியில் இருக்கும் அந்தச் சுவரில் ஒட்டியிருக்கும் கலை விழா போஸ்டரைத்தான் முதலில் பார்ப்பீர்கள். நிழல் மரமும் வராந்தாவும் எல்லாக் கல்லூரியிலும் இருக்கும், வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் கிடைக்கும் பக்கவாட்டு வெளிச்சம் ஸ்டுடியோ லைட்டுக்குக் குறைந்ததில்லை. விழா நாளில் முடியாது, ஆயிரம் பேர் அங்கேதான் செல்ஃபி எடுப்பார்கள். முந்தின நாள் ரிகர்சலுக்குக் கவுன் தருகிறார்கள் என்றால் அந்தக் காலைதான் உங்கள் நேரம். விழா நாளில்தான் தருவார்கள் என்றால், கவுன்டர் திறக்கும்போது முதல் ஆளாக நின்று வாங்கி, மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் எடுத்து முடித்துவிடுங்கள். வாட்ச்மேன் அண்ணனிடம் முதல் நாளே சொல்லி வைப்பதும் இதில் சேர்த்தி.

நண்பன் எடுத்துத் தருவான், போனே போதும் என்பவர்களுக்கும் நான் எதிரி இல்லை. கூச்சம் இருக்கும் பிள்ளைகள் தெரியாத ஆள் முன்னால் விறைத்துப்போய் நிற்பார்கள், கூட்டாளி முன்னால் தானாகச் சிரிப்பார்கள். ஆனால் கறுப்புக் கவுன் எந்தக் கேமராவையும் ஏமாற்றும்: படத்தில் பெரும்பகுதி கறுப்பாக இருப்பதைப் பார்த்து, இருட்டாக இருக்கிறது போல என்று முழுப் படத்தையும் கேமரா தானே வெளிச்சமாக்கிவிடும், முகம் வெளிறிப்போகும். போனில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்தி, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள், சரியாகிவிடும். கிட்ட வந்து எடுக்காமல் நாலடி தள்ளி நின்று 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் ஜூமில் எடுங்கள், மூக்கு பெரிதாகத் தெரியாது. பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட் தொப்பிக் குஞ்சத்தின் நூல்களைப் பாதி வெட்டித் தின்றுவிடும், அதை அணைத்துவிடுங்கள். ஹாலில் மாட்டும் பெரிய படத்துக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம் என்பேன். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 3600-க்கு 5400, அதாவது கிட்டத்தட்ட 2 கோடி பிக்சல் வேண்டும். சாதாரண 24 மெகாபிக்சல் (2.4 கோடி பிக்சல்) கேமராவுக்கு அது சர்வ சாதாரணம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி இறக்கிய படத்தில் அவ்வளவு பிக்சல் இருக்காது, அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஃப்ரீலான்சர் என்று முடிவு செய்துவிட்டால் பேரம் பேசுவதற்கு முன் கேட்க வேண்டியது, எத்தனை படம் என்பதை விட எத்தனை எடிட் செய்த படம் என்பது. 'இருநூறு படம் தருகிறேன்' என்பவர் எடிட் செய்யாததை எல்லாம் சேர்த்துச் சொல்கிறார். இருபது நல்ல படம் தருபவர் போதும். அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் உங்கள் நிறத்தில் இருப்பவர்களை எப்படி எடுத்திருக்கிறார் என்று பாருங்கள், எல்லாப் படத்திலும் எல்லோரும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் உங்களையும் அப்படித்தான் ஆக்குவார். ஜி.எஸ்.டி. பதிவு இருப்பவர் என்றால் 18 சதவீதம் மேலே வரும், சொன்ன தொகையில் அது சேர்ந்ததா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே காலையைப் பிடித்தால் செலவு வெகுவாகக் குறையும், ஆனால் ஆளுக்கு இருபது நிமிடம் தனியாக என்று முதலிலேயே பேசிக்கொள்ளாவிட்டால் கடைசி ஆளுக்கு வெயில்தான் மிஞ்சும்.

படம் யாருக்குச் சொந்தம் என்பதில் பெரும்பாலான போட்டோகிராபர்களுக்கே குழப்பம். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-இன்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாத வரை எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதனால் போட்டோகிராபர் உங்கள் படத்தைத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட விரும்பினால் உங்களைக் கேட்க வேண்டும், போட அனுமதித்து அதற்குச் சலுகை கேட்பதும் உங்கள் விருப்பம். சில பேர் புக்கிங் படிவத்தில் எல்லா உரிமையும் தங்களுக்கே என்று ஒரு வரி வைத்திருப்பார்கள், கையெழுத்துக்கு முன் அதைத் தேடிப் படியுங்கள்.

கையில் பிடிக்க அசல் பட்டத்தைக் கொண்டு போகாதீர்கள். மடிந்தால், வேர்வை பட்டால், அதற்கு நகல் வாங்க அலைவது தனிப் புராணம். வெள்ளைச் சார்ட் பேப்பரைச் சுருட்டிச் சிவப்பு ரிப்பன் கட்டினால் படத்தில் வித்தியாசம் தெரியாது. அசலைத்தான் காட்டுவேன் என்றால் பதிவெண்ணும் வரிசை எண்ணும் படத்தில் படிக்கிற மாதிரி இருக்கக்கூடாது, அதை ஊருக்கே காட்டுவது வம்பு.

அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் விழா வைத்தால் வடகிழக்குப் பருவமழையோடுதான் போராட வேண்டியிருக்கும். வெளியில் எடுக்க அட்வான்ஸ் கட்டும்போதே மழை வந்தால் வேறு நாளா, பணம் திரும்பவா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பெங்களூர்க்காரர்களுக்கு வேறு நாள் என்பது வெறும் பேச்சு, அவர்கள் பணம் திரும்ப என்றே கேட்கலாம். அந்த மாதங்களில் நான் சொல்வது, காலையில் கல்லூரி வராந்தாவில் பிளான் வைத்து, வீட்டுக்குப் பக்கத்து ஸ்டுடியோவுக்கும் ஒரு போன் போட்டு அன்று திறந்திருப்பார்களா என்று கேட்டு வைப்பது. கார் ஏசியிலிருந்து இறங்கிய கையோடு லென்ஸில் ஆவி படியும், பத்து நிமிடம் முன்னதாகவே கேமராவை வெளியில் வைக்கச் சொல்லுங்கள்.